அனிரூத் ஜக்நாத்: தனிக்கட்சியாக நின்று வெல்லாத ஒருவர் 6 பொதுத் தேர்தல்களில் பிரதமரானது எப்படி?

#1 · தராசு

மொரீசியஸ் அரசியல் என்று பேச்செடுத்தால் விடுதலைக் காலத்துப் பிரதமர் சிவசாகர் ராம்கூலத்தோடு பேச்சு நின்றுவிடுகிறது. ஆனால் அந்தத் தீவை அதிக காலம் பிரதமராக இருந்து ஆண்டவர் அனிரூத் ஜக்நாத். 1982, 1983, 1987, 1991, 2000, 2014 என 6 பொதுத் தேர்தல்களில் வென்று பிரதமரானார். மொத்தம் 18 ஆண்டுகளுக்கு மேல். நடுவில் 1995-ல் ஒரு தொகுதிகூட இல்லாமல் தோற்றார். 2003 முதல் 2012 வரை குடியரசுத் தலைவர். 84 வயதில் திரும்பவும் பிரதமர். 2021 ஜூன் 3 அன்று 91 வயதில் காலமானார்.

இத்தனை வெற்றியில் ஒன்றுகூட அவர் கட்சி தனித்து நின்று வாங்கியதல்ல. ஒவ்வொரு முறையும் கூட்டணிதான், அதுவும் பெரும்பாலும் முந்தைய தேர்தலில் எதிரே நின்றவர்களோடு. பெரிய பேச்சாளர் என்றும் அவரை யாரும் சொன்னதில்லை. பிறகு எப்படி? என் பார்வையில் பதில் அவருடைய குணத்தில் பாதி, அந்த நாட்டுத் தேர்தல் முறையில் பாதி. விவரம் தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

#2 · வாக்குப்பெட்டி

தேர்தல் முறையிலிருந்து தொடங்குவோம், மற்றதெல்லாம் அதிலிருந்துதான் வருகிறது.

மொரீசியஸ் தீவில் 20 தொகுதிகள், தொகுதிக்கு 3 உறுப்பினர்கள். ரோட்ரிக்ஸ் தீவு ஒரே தொகுதி, அங்கே 2 பேர். ஆக நேரடித் தேர்தலில் 62. மொரீசியஸ் தீவின் வாக்காளர் சீட்டில் சரியாக 3 பெயருக்குக் குறியிட வேண்டும். இரண்டோடு நிறுத்தினாலும் சீட்டு செல்லாது, நான்கு போட்டாலும் செல்லாது. அதிக வாக்கு வாங்கிய முதல் மூவர் உள்ளே போகிறார்கள்.

மூன்றாவது குறியைக் கட்டாயம் எங்காவது போட்டாக வேண்டும் என்பதால் மக்கள் பெரும்பாலும் ஒரே அணியின் மூவருக்கும் சேர்த்துப் போட்டுவிடுகிறார்கள். அதனால் ஒரு தொகுதியில் 5 சதவீதம் முன்னே இருக்கும் அணி மூன்று இடத்தையும் அள்ளிக்கொள்கிறது. 1982-ல் சுமார் 64 சதவீத வாக்குக்கு மொரீசியஸ் தீவின் 60 இடமும் ஒரே அணிக்குப் போனது. 1995-ல் சுமார் 65 சதவீதத்துக்கு அதே கதை. 1983-ல் தோற்ற எம்.எம்.எம். (மொரீசியப் போராட்ட இயக்கம்) கட்சிக்கு 46 சதவீத வாக்கு இருந்தது, கிடைத்தது 19 இடம். 1987-ல் இரு அணிகளுக்கும் இடையே 2 சதவீதப் புள்ளிகூட வித்தியாசமில்லை, இடங்களோ 39-க்கு 21.

தனித்து நிற்கும் கட்சிக்கு 25 சதவீத ஆதரவு இருந்தாலும் கையில் ஒன்றும் மிஞ்சாது. இந்தக் கணக்கை அங்கே எல்லாக் கட்சிகளும் அறியும். ஜக்நாத் அதன்படி நடக்கத் தயங்கியதே இல்லை.

டிக்கெட் கொடுப்பதிலும் மூன்று என்ற எண்தான் எல்லாவற்றையும் முடிவு செய்கிறது. தொகுதியின் சமூக அமைப்பைப் பார்த்து மூன்று பேரைப் பொருத்துகிறார்கள். கிராமப்புற வடக்கில் ஒரு மாதிரி, போர்ட் லூயிஸின் முஸ்லிம்கள் நிறைந்த பகுதிகளில் ஒரு மாதிரி, கிரியோல் மக்கள் (ஆப்பிரிக்க, கலப்பு வம்சாவளியினர்) அதிகமுள்ள மேற்கில் வேறு மாதிரி. ஒரு பெயர் பிசகினால் மூன்று பெயருக்கும் அடி விழும். தொகுதி அளவுகளும் சமமில்லை. 3-ஆம் எண் தொகுதி மிகச் சிறியது, 14-ஆம் எண் சவான்–பிளாக் ரிவர் அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். இரண்டுக்கும் 3 இடம்தான்.

#3 · புதுத்தோணி

60-க்கு 0 என்றால் எதிர்க்கட்சியே இல்லாத சபையா? தோற்றவர்களுக்கு இடம் கொடுக்கும் ஏற்பாடு ஒன்று உண்டு என்கிறார்களே, அது எப்படி நடக்கிறது?

#4 · வாக்குப்பெட்டி

'பெஸ்ட் லூசர்' ஏற்பாடு. அரசியலமைப்பின் முதல் அட்டவணையில் இருக்கிறது. 62-க்கு மேல் 8 இடங்கள். பலரும் தவறாகச் சொல்வது இதைத்தான், அதனால் நிதானமாக எழுதுகிறேன்.

வேட்பாளர்கள் மனுவில் தங்கள் சமூகத்தைக் குறிப்பிட வேண்டும்: இந்து, முஸ்லிம், சீன மொரீசியர், 'பொது மக்கள்' என நான்கு. மற்ற மூன்றிலும் சேராத கிரியோல், பிரெஞ்சு வம்சாவளியினர் போன்றோர்தான் 'பொது மக்கள்'. தமிழர், தெலுங்கர், மராட்டியர் எல்லோரும் இந்து என்ற கணக்கில் வருவார்கள். மக்கள் தொகைக்கு அடிப்படை 1972 கணக்கெடுப்பு: இந்து 4,28,167, பொது மக்கள் 2,36,867, முஸ்லிம் 1,37,081, சீனர் 24,084. ஜக்நாத் முதன்முறை பிரதமரானபோது சமூகம் கேட்கும் கேள்வியையே கணக்கெடுப்பிலிருந்து நீக்கிவிட்டார்கள். அதனால் இன்றுவரை 1972-தான்.

முதல் 4 இடங்களுக்கு, ஒவ்வொரு சமூகத்தின் மக்கள் தொகையையும் அது வென்ற இடத்தோடு ஒன்று கூட்டி வகுக்க வேண்டும். எண் பெரிதாக வரும் சமூகத்துக்கு இடம். பிறகு அந்தச் சமூகத்துக்கு ஒன்று கூட்டித் திரும்ப வகுக்க வேண்டும்.

ஒரு கற்பனைச் சபையை வைத்துப் போட்டுப் பார்ப்போம். இந்து 36, பொது மக்கள் 16, முஸ்லிம் 9, சீனர் 1 என்று 62. வகுத்தால் இந்து 11,572, பொது 13,933, முஸ்லிம் 13,708, சீனர் 12,042. முதல் இடம் பொது மக்களுக்கு, அவர்கள் எண் 13,159 ஆகிறது. இரண்டாவது முஸ்லிமுக்கு, அவர்கள் எண் 12,462-க்கு இறங்குகிறது. மூன்றாவது மறுபடி பொது மக்களுக்கு, எண் 12,467. நான்காவதுக்கு 12,467-க்கும் 12,462-க்கும் போட்டி. வெறும் 5 வித்தியாசத்தில் பொது மக்களுக்கே போகிறது. ஒரு தொகுதியில் ஒரு வேட்பாளர் மாறி ஜெயித்திருந்தால் இந்த வரிசை முழுக்கப் புரண்டுவிடும். டிக்கெட் பேரத்தில் இவ்வளவு நுணுக்கம் ஏன் என்பதற்கு இதுவே காரணம்.

எந்த ஆள் என்பது, அந்தச் சமூகத்தில் தோற்றவர்களுள் தன் தொகுதியில் அதிக சதவீதம் வாங்கியவர். கட்சி பார்ப்பதில்லை.

அடுத்த 4 இடங்கள் எதிர்க்கட்சிக்கான சலுகை என்று பலர் நினைக்கிறார்கள். நேர்மாறு. முதல் 4-ல் எத்தனை இடம் பிற கட்சிகளுக்குப் போனதோ, அத்தனை இடங்களை ஜெயித்த கட்சிக்குக் கொடுத்து, தேர்தல் தந்த பலத்தின் வித்தியாசத்தைப் பழையபடி ஆக்குவதற்காக அவை வைக்கப்பட்டிருக்கின்றன. 1982-லும் 1995-லும் சபை 66 பேரோடு நின்றது ஏன் என்பதற்கு விடையும் இங்கேதான். ஜெயித்த அணியின் 60 வேட்பாளரும் உள்ளே போய்விட்டார்கள். இடம் கொடுக்க அந்தப் பக்கம் தோற்றவர் ஒருவர்கூட இல்லை. எனவே கடைசி 4 இடங்கள் காலி.

#5 · கரும்புக்காடு

வாக்குப்பெட்டி அண்ணனின் கணக்கு சரி. ஆனால் எல்லாவற்றையும் கணக்கில் அடக்கினால் 1983-க்குப் பிறகு மக்கள் ஏன் திரும்பத் திரும்ப அவர் பக்கம் வந்தார்கள் என்பது விட்டுப்போகும். வயிற்றுப்பாடு மாறியது, அதனால் வந்தார்கள்.

1982-ல் அவர் வாங்கிய நாட்டின் நிலை என்ன? 1979-லும் 1981-லும் ரூபாய் மதிப்புக் குறைப்பு, ஐ.எம்.எஃப். நிபந்தனைகள், ஐந்தில் ஒருவருக்கு வேலையில்லை. ஏற்றுமதிக்கான ஆலைகளுக்குச் சலுகை தரும் ஏற்றுமதி மண்டலச் சட்டம் 1970-லேயே வந்துவிட்டது, ஜக்நாத் கண்டுபிடித்தது அல்ல. ஆனால் எண்பதுகளில் மூன்று காரணங்கள் ஒன்றாகக் கூடின. லோமே ஒப்பந்தப்படி ஐரோப்பாவுக்குத் தீர்வையில்லாமல் துணி அனுப்பலாம். ஹாங்காங் முதலாளிகள் 1997-ல் ஹாங்காங் சீனாவிடம் போகப்போவதை நினைத்தும் ஏற்றுமதி ஒதுக்கீட்டுக்காகவும் வேறு இடம் தேடினார்கள். மூன்றாவது, சர்க்கரைப் பணம். 1975 முதல் ஐரோப்பா ஆண்டுக்குச் சுமார் 5 லட்சம் டன் சர்க்கரையை உத்தரவாத விலைக்கு வாங்கியது, பல ஆண்டுகளில் உலகச் சந்தையைவிட இரு மடங்குக்கும் மேல். கரும்புத் தோட்ட முதலாளிகள் அந்தப் பணத்தைத் துணி ஆலைகளிலும் ஓட்டல்களிலும் போட்டார்கள். நிதியமைச்சர் விஷ்ணு லட்சுமிநாராயுடு அதற்கு வழிவிட்டார். எண்பதுகளின் கடைசியில் மண்டலத்தில் சுமார் 90,000 பேர் வேலை பார்த்தார்கள், பெரும்பாலோர் பெண்கள். வீட்டுக்கு இரண்டாவது சம்பளம் வந்தது. கிராமத்து வாக்கு அதற்குத்தான் விழுந்தது.

வரி ஒப்பந்தத்தையும் மறக்க வேண்டாம். இந்தியாவோடு இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தம் கையெழுத்தானது 1982 ஆகஸ்டில். மூலதன ஆதாயத்துக்கு வரி போடும் உரிமை மொரீசியஸிடம், அங்கே அந்த வரியே இல்லை. 1992-ல் கடல்கடந்த வணிகச் சட்டம் வந்ததும் இந்தியாவுக்குப் போகும் அந்நிய முதலீட்டின் பெரிய வாசல் ஆனது. அந்தச் சலுகையை முடிவுக்குக் கொண்டுவந்த திருத்தம் 2016 மே மாதம் வந்தபோதும் பிரதமர் அவரே.

#6 · தராசு

ஒப்புக்கொள்கிறேன், வேலைவாய்ப்பு இல்லாமல் 1987 இல்லை. ஆனால் அவர் அந்த நாற்காலிக்கு வந்த வழியே சமூகக் கணக்கால் வந்தது, அதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

லிங்கன்ஸ் இன்னில் சட்டம் படித்து 1954-ல் வழக்கறிஞர். 1963-ல் இண்டிபென்டண்ட் ஃபார்வர்டு பிளாக் சார்பில் ரிவியேர் து ராம்பாரில் ஜெயித்தார். 1965 செப்டம்பரில் லண்டன் லங்காஸ்டர் மாளிகை அரசியலமைப்பு மாநாட்டில் இருந்தார். பிறகு அரசியலை விட்டு மாஜிஸ்திரேட் ஆனார். எழுபதுகளின் தொடக்கத்தில் எம்.எம்.எம்.-ல் சேர்ந்தார்.

எம்.எம்.எம்.-ஐ 1969-ல் கட்டியவர்களுள் முதன்மையானவர் பால் பெராஞ்ஜே. துறைமுகம், போக்குவரத்துத் தொழிற்சங்கங்கள் அவர் பின்னால் இருந்தன. ஆனால் அவர் பிரெஞ்சு வம்சாவளி. இந்துக்கள் பாதிக்கு மேல் இருந்த நாட்டில் அவரைப் பிரதமர் வேட்பாளராக நிறுத்தினால் கிராமத் தொகுதிகள் கிடைக்காது என்று கட்சி கணித்தது. ஜக்நாத் இந்து, வழக்கறிஞர், வடக்குக் கிராமத்துக்காரர், வைஷ் சாதி. 1976-ல் எம்.எம்.எம். தனித்து நின்று 70-ல் 34 வாங்கித் தனிப்பெரும் கட்சியானது. சிவசாகர் ராம்கூலத்தின் தொழிற்கட்சி அணி 28, பி.எம்.எஸ்.டி. (மொரீசிய சமூக ஜனநாயகக் கட்சி) 8. எதிரெதிரே நின்ற அந்த இரண்டும் சேர்ந்து 36 ஆகி ஆட்சியமைத்தன. ஜக்நாத் எதிர்க்கட்சித் தலைவர். தனித்து நின்றால் முதலிடம் வந்தும் வெளியே உட்கார வேண்டும் என்ற பாடம் அன்று படித்தது.

1982-ல் ஹரீஷ் பூதுவின் பி.எஸ்.எம். கட்சியைச் சேர்த்துக்கொண்டார்கள், 60-க்கு 60. 5-ஆம் தொகுதியில் ராம்கூலமே தோற்றார். ஒன்பது மாதத்தில் உடைந்தது. நிதியமைச்சர் பெராஞ்ஜேயின் சிக்கனக் கொள்கை, பிரதமரின் அதிகாரத்தைக் குறைக்க எடுத்த முயற்சி, 1983 மார்ச் 12 அன்று தேசிய கீதம் கிரியோல் மொழியில் ஒலிபரப்பான சர்ச்சை எல்லாம் சேர்ந்துகொண்டன. பெராஞ்ஜேயும் பல அமைச்சர்களும் ராஜினாமா. ஜக்நாத் ஏப்ரலில் எம்.எஸ்.எம். என்ற புதுக்கட்சி தொடங்கி, முந்தைய ஆண்டு தான் வீழ்த்திய தொழிற்கட்சியோடும் பி.எம்.எஸ்.டி.-யோடும் கைகோத்தார். ஆகஸ்டில் 41-க்கு 19.

கட்சி எந்திரம், தொண்டர்கள், தொழிற்சங்கம் எல்லாம் பெராஞ்ஜேயிடம். பிரதமர் பதவியும் சபையைக் கலைக்கும் நேரமும் ஜக்நாத்திடம். இரண்டாவதுதான் கனமானது என்று அவர் சரியாகக் கணித்தார்.

#7 · புதுத்தோணி

ஆம்ஸ்டர்டாம் விவகாரத்துக்குப் பிறகும் எப்படித் தாக்குப்பிடித்தார்?

#8 · கரும்புக்காடு

1985 டிசம்பர் 31 அன்று ஸ்கிபோல் விமான நிலையத்தில் ஆளும் கூட்டணி எம்.பி.க்கள் நான்கு பேர் ஹெராயின் பெட்டியோடு பிடிபட்டார்கள். எந்த அரசும் கவிழ்ந்திருக்க வேண்டிய அடி. அமைச்சர்கள் விலகினார்கள். அவர் செய்தது இரண்டு. போதைப்பொருள் பற்றி மாரிஸ் ரோ தலைமையில் விசாரணைக் கமிஷன் போட்டு, கட்சிக்குள் இருந்த எதிரிகள்மீதும் அது பாயட்டும் என்று விட்டார். பிறகு எதிர்க்கட்சி எதிர்பார்த்த நேரத்துக்கு முன்பே, 1987 ஆகஸ்டில், வேலைவாய்ப்பு உச்சத்துக்குப் போய்க்கொண்டிருந்தபோது தேர்தலை வைத்தார். மேலே சொன்ன 39–21 அதுதான். 1988-லும் 1989-லும் அவர்மீது கொலை முயற்சிகள் நடந்தன, தப்பினார்.

#9 · ஏட்டுச்சுவடி

தமிழ் வாசகர்களுக்குத் தெரிய வேண்டிய ஒரு பகுதி விடுபட்டிருக்கிறது. 1995 தோல்வி மொழிப் பிரச்சினையில்தான் தொடங்கியது.

ஆரம்பப் பள்ளி இறுதித் தேர்வின் தரவரிசை முடிவுப்படிதான் நல்ல உயர்நிலைப் பள்ளியில் இடம். அந்த வரிசைக்கு இந்தி, உருது, தமிழ், தெலுங்கு, மராட்டி, மாண்டரின் போன்ற கீழைமொழிகளின் மதிப்பெண்ணும் சேர வேண்டும் என்பது நெடுநாள் கோரிக்கை. கிரியோல் குடும்பத்துப் பிள்ளைகள் பெரும்பாலும் அந்த மொழிகளை எடுப்பதில்லை, எனவே பாரபட்சம் என்று எதிர்ப்பு. நீதிமன்றம் அந்த ஏற்பாட்டை ஏற்கவில்லை. ஜக்நாத் அரசியலமைப்பையே திருத்தப் பார்த்தார். நான்கில் மூன்று பங்கு வேண்டும், கிடைக்கவில்லை. சபையைக் கலைத்து, டிசம்பர் 20 தேர்தலில் சிவசாகரின் மகனும் தொழிற்கட்சித் தலைவருமான நவின் ராம்கூலமும் பெராஞ்ஜேயும் சேர்ந்த அணியிடம் 60 இடத்தையும் இழந்தார். தன் 7-ஆம் தொகுதியையும். இந்து வாக்கைத் திரட்டும் என்று எடுத்த பிரச்சினை மற்ற எல்லோரையும் எதிரே திரட்டிவிட்டது. அடுத்தடுத்து நான்கு தேர்தல் ஜெயித்த தைரியத்தில் வந்த பிழை என்றே நான் படிக்கிறேன்.

அங்கே மொழி எவ்வளவு கூரான விஷயம் என்பதற்கு அவர் ஆட்சியில் இல்லாத காலத்து உதாரணமும் உண்டு. ரூபாய் நோட்டில் ஆங்கிலத்துக்கு அடுத்துத் தமிழ், பிறகு இந்தி என்பது வழக்கம். 1998-ல் வந்த புது நோட்டில் வரிசை மாறி இந்தி முன்னே வந்தது. தமிழர்கள் கொதித்தெழ, அந்த நோட்டுகளைத் திரும்பப் பெற்று பழைய வரிசையில் புதிதாக அச்சிட்டார்கள்.

2002-ஐயும் சொல்ல வேண்டும். ஜக்நாத் அரசின் பயங்கரவாதத் தடுப்பு மசோதாவில் கையெழுத்திட மறுத்துக் குடியரசுத் தலைவர் காசம் உத்தீம் ராஜினாமா செய்தார். அந்த இடத்துக்கு வந்த துணைத் தலைவர் அங்கிடி செட்டியாரும் மறுத்து விலகினார். கடைசியில் தற்காலிகமாகப் பொறுப்பேற்ற தலைமை நீதிபதி அரிரங்கா பிள்ளை கையெழுத்திட்டார். மறுத்த செட்டியார், இட்ட பிள்ளை, இருவரும் தமிழ் வம்சாவளி.

#10 · தராசு

2000 ஒப்பந்தம் அவர் செய்த பேரங்களிலேயே தெளிவானது. போன தேர்தலில் தன்னை ஒழித்த பெராஞ்ஜேயோடு உடன்பாடு: டிக்கெட் பாதிக்குப் பாதி, ஐந்தாண்டில் முதல் மூன்று ஆண்டு ஜக்நாத் பிரதமர், மீதி இரண்டு பெராஞ்ஜே. 62-ல் 54 வென்றார்கள். இந்த மாதிரி 'பாதி நீ, பாதி நான்' ஒப்பந்தங்கள் உலகெங்கும் இரண்டாம் பாதியில் உடையும். இது உடையவில்லை. 2003 செப்டம்பர் 30 அன்று அவர் விலக, பெராஞ்ஜே நாட்டின் முதல் இந்து அல்லாத பிரதமரானார். ஒரு வாரத்தில் ஜக்நாத் குடியரசுத் தலைவர் மாளிகையான ரெதுயிக்குப் போனார். விலகுகிறவருக்கு மரியாதையான ஓர் இடம் முன்கூட்டியே பேசி வைக்கப்பட்டிருந்தது, ஒப்பந்தம் நிலைத்ததற்கு அதுதான் நடைமுறைக் காரணம். எம்.எஸ்.எம். கட்சி மகன் பிரவிந்திடம் போனது.

2005-ல் நவின் ராம்கூலம் ஜெயித்தும் இவர் பதவியில் தொடர்ந்தார், 2008-ல் இரண்டாம் முறையும் தேர்வானார். 2011-ல் மகனின் கட்சி அரசிலிருந்து வெளியேறியதும், 2012 மார்ச் கடைசியில் ராஜினாமா செய்து களத்துக்கு வந்தார்.

2014 கதையை முதலில் சொன்ன கணக்குக்கு எதிரான சாட்சியாகவும் பார்க்க வேண்டும். தொழிற்கட்சியும் எம்.எம்.எம்.-மும் 2010-ல் எதிரெதிர் அணிகளின் தலைமைக் கட்சிகள். இரண்டு அணிக்கும் விழுந்த வாக்கைக் கூட்டினால் 90 சதவீதம். இரண்டும் சேர்ந்து, ராம்கூலம் அதிகாரமுள்ள குடியரசுத் தலைவர், பெராஞ்ஜே பிரதமர் என்று 'இரண்டாம் குடியரசு' திட்டம் வைத்தார்கள். பேரம் நடந்த மாதங்களில் சபையே கூடவில்லை. மக்கள் வெறுத்துப்போனார்கள். தலைவர்கள் சேர்ந்தால் வாக்கும் சேரும் என்ற நம்பிக்கை டிசம்பர் 10 அன்று பொய்த்தது. ஜக்நாத் அணி 62-ல் 47, எதிரணி 13. முதியோர் ஓய்வூதியத்தை மாதம் 5,000 ரூபாயாக்குவோம் என்ற வாக்குறுதி எளிமையாக இருந்தது, பதவியேற்றதும் நிறைவேற்றினார்.

#11 · வாக்குப்பெட்டி

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். 2017 ஜனவரி 23 அன்று தேர்தலில்லாமல் மகனிடம் பதவியைக் கொடுத்ததுதான் அவருடைய பொதுவாழ்வில் எனக்கு ஏற்க முடியாத பகுதி. 2014-ல் அவர் முகத்துக்கு வாக்குக் கேட்டார்கள். 2003 மாற்றமாவது தேர்தலுக்கு முன்பே மக்களிடம் சொன்னது.

#12 · கரும்புக்காடு

சட்டத்தில் குறை சொல்ல முடியாது. அரசியலமைப்பின் 59-ஆம் பிரிவுப்படி, சபையின் பெரும்பான்மை ஆதரவைப் பெறக்கூடியவர் என்று தோன்றுகிற உறுப்பினரைக் குடியரசுத் தலைவர் பிரதமராக நியமிக்கிறார். பிரவிந்த் சபை உறுப்பினர், கட்சித் தலைவர். மெட்பாயிண்ட் மருத்துவமனை வழக்கில் 2015-ல் கீழ் நீதிமன்றம் அவரைத் தண்டித்தது, 2016-ல் உச்ச நீதிமன்றம் விடுவித்தது, 2019-ல் லண்டனிலுள்ள இறுதி மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் அந்த விடுதலையை உறுதி செய்தது. 2019 தேர்தலில் மக்களும் ஏற்றார்கள்.

#13 · வாக்குப்பெட்டி

சட்டப்படி சரி என்பதும் மக்களிடம் கேட்டது என்பதும் ஒன்றல்ல தோழர். கிட்டத்தட்ட மூன்று ஆண்டு பதவியில் உட்கார்ந்து, அரசு எந்திரத்தோடு 2019-ஐச் சந்தித்தார். 2024 நவம்பரில் மொரீசியஸ் தீவின் 60 இடமும் மூன்றாம் முறையாக ஒரே பக்கம் சாய்ந்தது, பிரவிந்த் தன் 8-ஆம் தொகுதியிலேயே தோற்றார். அப்பா உருவாக்கிய கட்சி வேறு ஒரு தலைவரையும் வளர்க்கவில்லை.

#14 · ஏட்டுச்சுவடி

சாகோஸ் தீவுகளைச் சொல்லாமல் இந்த இழை முழுமையாகாது.

1965 நவம்பர் 8 அன்று, விடுதலைக்கு முன்பே, பிரிட்டன் மொரீசியஸிலிருந்து சாகோஸைப் பிரித்தெடுத்தது, 30 லட்சம் பவுண்டு கொடுத்தது. 1968 முதல் 1973 வரை அங்கிருந்த மக்கள் வெளியேற்றப்பட்டார்கள். 1992 மார்ச் 12 அன்று ஜக்நாத் நாட்டைக் குடியரசாக்கியபோது, மொரீசியஸ் எல்லை என்ற வரையறையில் சாகோஸ் எழுதப்பட்டிருந்தது.

நேரடியாகப் பிரிட்டன்மீது வழக்குப் போட முடியாது. காமன்வெல்த் நாடுகளோடுள்ள தகராறுகளுக்கு சர்வதேச நீதிமன்ற அதிகாரத்தை பிரிட்டன் ஏற்பதில்லை. காமன்வெல்த்தை விட்டு விலகி வழக்குப் போடுவோம் என்று மொரீசியஸ் பேசியதும், 2004-ல் பிரிட்டன் தன் அறிவிப்பைத் திருத்தி, முன்னாள் உறுப்பு நாடுகளையும் விலக்கிவிட்டது. எஞ்சிய வழி ஐ.நா. பொதுச்சபை மூலம் ஆலோசனைக் கருத்துக் கேட்பது. அதற்குச் சாதாரணப் பெரும்பான்மை போதும், எதிராளியின் சம்மதம் வேண்டாம். 2017 ஜூன் 22 அன்று 94-க்கு 15 என்று தீர்மானம் நிறைவேறியது, 65 நாடுகள் நடுநிலை.

2018 செப்டம்பர் 3 அன்று ஹேக்கில் சர்வதேச நீதிமன்றத்தில் வாதத்தைத் தொடங்கிவைத்தவர் 88 வயது ஜக்நாத். லங்காஸ்டர் மாளிகை மாநாட்டில் இருந்த மொரீசியர்களில் அன்று உயிரோடிருந்தவர் அவர் ஒருவரே. பிரித்தது மொரீசியஸின் சுதந்திர விருப்பத்தோடு அல்ல என்பதற்கு ஆவணங்களோடு நேரடிச் சாட்சியும் கிடைத்தது. 2019 பிப்ரவரி 25 அன்று 13-க்கு 1 என்று நீதிமன்றம் மொரீசியஸ் பக்கம் கருத்துச் சொன்னது. 2025 மே மாதம் நவின் ராம்கூலம் அரசு பிரிட்டனோடு ஒப்பந்தம் கையெழுத்திட்டது: இறையாண்மை மொரீசியஸுக்கு, ராணுவத் தளமுள்ள தியேகோ கார்சியா தீவு பிரிட்டனுக்கு 99 ஆண்டுக் குத்தகைக்கு.

#15 · புதுத்தோணி

1992 குடியரசுக்கும் நான்கில் மூன்று பங்கு தேவைப்பட்டிருக்குமே, அதை எப்படிப் பெற்றார்? 1995-ல் முடியவில்லை என்கிறீர்கள்.

#16 · தராசு

1990-ல் ஒருமுறை முயன்றார், கூட்டணியிலிருந்த தொழிற்கட்சி கைவிட்டதால் நடக்கவில்லை. உடனே எம்.எம்.எம்.-ஐச் சேர்த்துக்கொண்டு 1991 செப்டம்பர் தேர்தலைச் சந்தித்தார், 57 இடம். வாக்கு 56 சதவீதம்தான், ஆனால் மூன்று இடத் தொகுதி முறை அதை நான்கில் மூன்று பங்குக்கும் மேலாக்கிக் கொடுத்தது. 1995-ல் அந்த எம்.எம்.எம். அவரோடு இல்லை.